வீட்டு வெல்டிங் மெஷின் மக்கர் செய்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்பெல்லாம் வெல்டிங் மெஷின் என்றால் சக்கரம் வைத்துத் தள்ள வேண்டிய இரும்புப் பெட்டி. உள்ளே காயில், எண்ணெய், அவ்வளவுதான். இப்போது கேட்டுக்குக் கீல் வைக்கவும் மாட்டுக்கொட்டகைக்கு ஆங்கிள் அடிக்கவும் வீடுகளில் வாங்கி வைத்திருப்பது தோளில் மாட்டிக்கொண்டு போகிற இன்வெர்ட்டர் மெஷின். பெட்டி மேல் 200 என்று போட்டிருக்கும், சிங்கிள் பேஸ் 230 வோல்ட்டில் ஓடும். கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் இதைப் பற்றியவை. பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினுக்கும் கடைசிப் பக்கம் ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

"போர்டு போயிடுச்சுண்ணே" என்று சொல்லி என் மேஜைக்கு வந்த மெஷின்களில் பல, ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல் திரும்பிப் போயிருக்கின்றன. கோளாறு பிளக்கில் இருக்கும், ஒயரில் இருக்கும், எர்த் கிளாம்ப்பில் இருக்கும். அதனால் கேள்விகளையும் கரண்ட் வருகிற வழியிலேயே அடுக்கியிருக்கிறேன்: முதலில் சுவர், பிறகு ஒயர், ஹோல்டர், கடைசியில்தான் பெட்டிக்குள்.

சுவிட்ச் போட்டதும் எம்.சி.பி. (கரண்ட் மீறினால் தானே விழும் சுவிட்ச்) விழுகிறது. உள்ளே ஷார்ட்டா?

எப்போது விழுகிறது என்று பாருங்கள். சுவிட்ச் போட்ட நொடியிலா, ராடு தட்டிய நொடியிலா? இரண்டும் வேறு வேறு வியாதி.

சுவிட்ச் போட்ட நொடியில் என்றால், உள்ளே மூன்று நான்கு பெரிய கெபாசிட்டர்கள் காலியாகக் காத்திருக்கின்றன. 230 வோல்ட் ஏ.சி. டயோடு வழியே டி.சி. ஆகும்போது உச்சம் 325 வோல்ட். காலிக் குடங்கள் ஒரே மூச்சில் நிரம்பப் பார்க்கும். அதைத் தடுக்க வழியில் ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். குடம் நிரம்பியதும் ஒரு ரிலே அந்த ரெசிஸ்டரை ஓரம்கட்டிவிடும். மலிவு மெஷின்களில் இந்த ஏற்பாடு சில சமயம் பேருக்குத்தான். உங்கள் எம்.சி.பி. மேல் 16 என்ற எண்ணுக்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது? பி வகை, தன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கு கரண்டிலேயே சட்டென விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில்தான் விழும். எப்போதாவது ஒருமுறை விழுந்து, மறுபடி போட்டால் நிற்கிறது என்றால் சி வகைக்கு மாற்றினாலே தொல்லை தீரும்.

போடும்போதெல்லாம் விழுந்தால் உள்ளேதான் ஷார்ட். பிளக்கை உருவிவிட்டு, மெஷின் சுவிட்சை மட்டும் ஆன் நிலையில் விட்டு, பேஸ் பின்னுக்கும் நியூட்ரல் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரை பீப் நிலையில் வையுங்கள். விடாமல் கத்தினால் எம்.ஓ.வி. (வோல்டேஜ் எகிறினால் தடுக்கும் வில்லை) அல்லது பிரிட்ஜ் டயோடு (ஏ.சி.யை டி.சி. ஆக்கும் டயோடு) போயிருக்கிறது. கத்தவில்லை என்பதால் உள்ளே எல்லாம் நலம் என்று நினைத்துவிடக் கூடாது. ஐஜிபிடி (உள்ளே கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் பெரிய டிரான்சிஸ்டர்) ஷார்ட் ஆகியிருந்தால் அது டயோடுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், பீப் வராது.

ராடு தட்டினால்தான் விழுகிறது. வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் எவ்வளவு வரை வைத்து ஓட்டலாம்?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ராடு வெல்டிங்கில் ஆர்க்கின் (ராடு நுனியில் எரியும் பொறியின்) வோல்டேஜை 20 கூட்டல், கரண்டில் நூற்றுக்கு நான்கு என்று எடுத்துக்கொள்வார்கள். 100 ஆம்பியர் வைத்தால் 24 வோல்ட், அதாவது 2,400 வாட். மெஷினின் சொந்தச் சேதாரத்தையும் சேர்த்தால் சுமார் 2,800 வாட். சாதாரண இன்வெர்ட்டர் மெஷினின் பவர் ஃபேக்டர் (இழுக்கிற கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்ற விகிதம்) 0.7 பக்கம்தான் நிற்கும். ஆக லைனிலிருந்து இழுப்பது 17, 18 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு விழுந்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

12 கேஜ், அதாவது 2.5 மி.மீ. ராடை 80 ஆம்பியரில் ஓட்டினால் லைனில் 14 ஆம்பியருக்குள் அடங்கும். 10 கேஜ் ராடை 130 வைத்து ஓட்டினால் 24 ஆம்பியரைத் தொடும். அதற்கு மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் இழுத்து, 25 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. போட வேண்டும். உள்ளே இருக்கும் ஒயரைப் பார்க்காமல் எம்.சி.பி.யை மட்டும் 32 ஆக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் எம்.சி.பி. விழாது, சுவருக்குள் ஒயர் வேகும்.

எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டினால் வேகம் இல்லையே, ஏன்?

ஒரு தோட்டத்துக்காரர் மெஷினை மூன்று முறை கொண்டுவந்தார். "கரண்ட் இறங்கிப்போச்சு, ராடு ஒட்டுது" என்பார். கடையில் சொருகினால் வெண்ணெய் மாதிரி ஓடும். மூன்றாவது முறை நானே வண்டி ஏறிப் போனேன். மோட்டார் ஷெட்டிலிருந்து 40 மீட்டர், 1 ஸ்கொயர் எம்.எம். ஒயர். கல்யாண வீட்டு சீரியல் லைட்டுக்கு வாங்கியதாம். ஷெட்டில் 232 வோல்ட்; ராடு எரியும்போது ஒயரின் கடைசியில் 205.

கணக்கு இதுதான். 1 ஸ்கொயர் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு 0.0172 ஓம். கரண்ட் போக 40 மீட்டர், திரும்பிவர 40 மீட்டர், மொத்தம் 80 மீட்டருக்கு 1.38 ஓம். 17 ஆம்பியர் ஓடும்போது 23 வோல்ட் ஒயரிலேயே கரைந்துவிடும். மீதிச் சில வோல்ட் தளர்ந்த சாக்கெட்டில். அதே தூரத்துக்கு 4 ஸ்கொயர் போட்டிருந்தால் 6 வோல்ட்கூட இறங்காது. அலுமினிய ஒயர் என்றால் இன்னும் மோசம்.

ஒயரை ரீலில் சுருட்டி வைத்தபடி ஓட்டாதீர்கள். நடுச் சுற்றில் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

பிளக் டாப் கருகிவிட்டது. மெஷின் அதிகமாக இழுக்கிறதா?

மிகப் பெரும்பாலும் இல்லை. சாக்கெட்டின் உள் பித்தளை தளர்ந்திருக்கும், அல்லது பிளக்குக்குள் ஒயரைச் சுற்றிய ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். தளர்ந்த இடம் சூடாகும், சூடானது இன்னும் தளரும். கறுத்த ஒயர் நுனியை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, லக் (ஒயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் உலோகக் காது) அடித்து, நல்ல 16 ஆம்பியர் பிளக்கில் இறுக்குங்கள். சாக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய சாக்கெட்டில் சொருகிய புது பிளக் அடுத்த மாதமே கருகும்.

பெட்டியைத் தொட்டால் விர்ரென்று இருக்கிறது, டெஸ்டரும் எரிகிறது.

இங்கே ஒரு சொல் குழப்பம் இருக்கிறது, அதை முதலில் தீர்த்துவிடுவோம். நம் பட்டறைப் பேச்சில் எர்த் என்றால் இரண்டு பொருள். ஒன்று, பிளக்கின் தடித்த மூன்றாவது பின்னில் வருகிற பச்சை ஒயர். அது உயிர் காக்க. இன்னொன்று, வேலைத் துண்டில் கவ்வவைக்கிற எர்த் கிளாம்ப். அது வெல்டிங் கரண்ட் திரும்பி வருகிற பாதை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. "எர்த் எல்லாம் நல்லா குடுத்திருக்கேன் சார்" என்று சொல்பவர் பெரும்பாலும் கிளாம்ப்பைத்தான் சொல்கிறார். பிளக்கைத் திறந்தால் பச்சை ஒயர் வெட்டி உள்ளே மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

மெஷினின் வாசலில், இரைச்சலை வடிகட்ட, பேஸிலிருந்து பாடிக்கும் நியூட்ரலிலிருந்து பாடிக்கும் இரண்டு குட்டி கெபாசிட்டர்கள் இருக்கும். எர்த் பின் சரியாக இருந்தால் அந்த ஊசிக் கசிவு தரைக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பாடி நடுவில் தொங்கும், டிஜிட்டல் மீட்டர் வைத்தால் 115 வோல்ட் பக்கம் காட்டும். விர்ரென்று இருப்பதும் டெஸ்டர் எரிவதும் இதனால்தான். அந்தக் கெபாசிட்டர்களை வெட்டி எறிவது வைத்தியம் ஆகாது. பச்சை ஒயரை இணைத்து, சாக்கெட்டில் எர்த் நிஜமாகவே வருகிறதா என்று பார்க்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் காட்டுகிற அதே அளவைக் காட்ட வேண்டும்.

எர்த் சரியாக இருந்தும் அடிக்கிறது என்றால் உள்ளே இன்சுலேஷன் போயிருக்கிறது. ஓட்டாதீர்கள்.

கிளாம்ப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை செய்கிற துண்டிலேயே, வெல்டுக்குப் பக்கத்திலேயே கவ்வுங்கள். சோம்பல்பட்டுத் தூரத்தில் இருக்கும் பைப்பிலோ ஷெட் தூணிலோ மாட்டினால், 100 ஆம்பியர் தனக்குப் பிடித்த குறுக்குவழியில் திரும்பும். அந்த வழி பக்கத்து மோட்டாரின் மெல்லிய எர்த் ஒயராக இருந்தால் அது உருகிப்போகும். பிறகு மோட்டாருக்கு எர்த் இல்லை என்பது யாருக்கும் தெரியாது.

எம்.சி.பி. நிற்கிறது, ஆர்.சி.சி.பி. மட்டும் விழுகிறது.

30 மில்லி ஆம்பியர் தரைக்குக் கசிந்தால் விழ வேண்டும் என்பதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரமும் கிரைண்டர் தூசும் சேர்ந்தால் கசிவு கூடும். மெஷினை உலர்த்தி, தூசு தட்டி, வேறு எதுவும் சேராத தனி லைனில் போட்டுப் பாருங்கள். மறுபடியும் விழுந்தால் உள்ளே பார்க்க வேண்டியதுதான். ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேர் லைன் கொடுப்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, பொறி மட்டும் வரவில்லை.

ஹோல்டரில் ராடு இல்லாமல், மெஷினின் பிளஸ், மைனஸ் முனைகளில் மீட்டரை டி.சி. 200 வோல்ட்டில் வையுங்கள். 60 முதல் 80 வரை காட்டினால் மெஷின் நலம்; கோளாறு கேபிளில், ஹோல்டரில், அல்லது பெயின்ட் மேல் கவ்விய கிளாம்ப்பில். பாதுகாப்புக்காக வோல்டேஜைக் குறைத்து வைக்கும் வசதி உள்ள மெஷினில் சும்மா இருக்கும்போது 10, 20 வோல்ட்தான் காட்டும். அதைக் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள்.

பூஜ்யம் காட்டினால், மஞ்சள் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் மெஷின் தன்னைத்தானே நிறுத்திவைத்திருக்கிறது. எரியாமல் பூஜ்யம் என்றால் கன்ட்ரோல் போர்டு, கேட் டிரைவர் (ஐஜிபிடியை இயக்கும் சர்க்யூட்), அல்லது அவுட்புட் பக்கம்.

அவுட்புட் டயோடை வெளியிலிருந்தே ஓரளவு சோதிக்கலாம். பிளக்கை உருவிவிட்டு, மீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை மெஷினின் மைனஸிலும் கறுப்பு முனையை பிளஸிலும் வைத்தால் 0.2 முதல் 0.4 வரை காட்ட வேண்டும். திருப்பி வைத்தால் அப்படிக் காட்டக் கூடாது. இரு பக்கமும் பீப் என்றால் டயோடு ஷார்ட்.

முன்பு 90-இல் ஓடிய வேலைக்கு இப்போது 120 வைக்க வேண்டியிருக்கிறது. போர்டு பலவீனமாகிவிட்டதா?

போர்டு அப்படிக் கிழடு தட்டுவதில்லை. கேபிளைத்தான் சந்தேகிப்பேன். மெஷின் முனையில் ஒரு புரோப், ஹோல்டரின் தாடையில் ஒரு புரோப் வைத்து, டி.சி. வோல்ட்டில் மீட்டரைப் போட்டு, ஒருவரை வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். 16 ஸ்கொயர் செம்பு கேபிள் 5 மீட்டர் என்றால் 100 ஆம்பியரில் அரை வோல்ட்தான் இறங்க வேண்டும். 3 வோல்ட் இறங்கினால் எங்கோ ஒரு இணைப்பில் சுமார் 250 வாட் வீணாகச் சூடாகிறது. கையால் தடவிக்கொண்டே போனால் அந்த இடம் தானே சொல்லும்: ஹோல்டர் கைப்பிடிக்குள் இருக்கும் ஸ்க்ரூ, மெஷினில் சொருகித் திருப்புகிற பின், அல்லது கிளாம்ப்பின் லக். எர்த் பக்கமும் இதே சோதனை.

மெஷினோடு இலவசமாக வருகிற கேபிள் பல நேரம் செம்பு முலாம் பூசிய அலுமினியம். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல செம்பு கேபிள் போட்டாலே புது மெஷின் வாங்கிய மாதிரி இருக்கும்.

ஈர ராடையும் மறக்க வேண்டாம். சிமென்ட் மூட்டைக்குப் பக்கத்தில் திறந்து கிடந்த பாக்கெட்டை வைத்துக்கொண்டு மெஷினைத் திட்டுவது நியாயமில்லை.

கொஞ்ச நேரத்தில் மஞ்சள் லைட் எரிந்து நின்றுவிடுகிறது.

சூட்டுக்கு நின்றிருக்கிறது. அணைக்காமல் ஃபேனை ஓடவிடுங்கள், தானே திரும்பும். பெட்டியில் டியூட்டி சைக்கிள் 60% என்று இருந்தால், 40 டிகிரி வெப்பத்தில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம்தான் அந்த முழுக் கரண்டில் ஓடும் என்று பொருள். 200 ஆம்பியர் 60% மெஷின், நிறுத்தாமல் ஓட 155 வரைதான் தாங்கும். 35% என்றால் 118. இங்கே சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் 40 டிகிரி என்பதே சலுகை.

80 ஆம்பியரில் ஐந்து நிமிடத்தில் நின்றால் அது டியூட்டி சைக்கிள் அல்ல. தூசு அடைப்பு, ஃபேன், அல்லது ஹீட் சிங்க்கில் தளர்ந்த ஸ்க்ரூ. தெர்மோஸ்டாட்டை ஷார்ட் செய்து ஓட்டுகிற வழக்கம் உண்டு. மலிவான பார்ட்டைக் காப்பாற்றி ஐஜிபிடியைக் கொளுத்துகிற வேலை அது.

ஃபேன் சுற்றவில்லை.

விரலால் சுற்றிப் பாருங்கள் (பிளக் உருவியபின்). இறுகியிருந்தால் புஷ் காய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டால் சில வாரம் ஓடும், மாற்றுவதே நல்லது. லேபிளைப் படித்து வாங்குங்கள்: 24 வோல்ட் டி.சி. ஃபேனும் உண்டு, 230 வோல்ட் ஏ.சி. ஃபேனும் உண்டு. 24 வோல்ட் ஃபேனுக்கு 24 வரவில்லை என்றால் துணை சப்ளை (போர்டுக்கும் ஃபேனுக்கும் சின்ன வோல்டேஜ் தரும் பகுதி) போயிருக்கிறது. பழைய ஃபேன் காற்றை எந்தத் திசையில் தள்ளியதோ அதே திசையில் மாட்டுங்கள்.

கரண்ட் நாபைத் திருப்பினாலும் மாற்றமே இல்லை.

நாபுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் கரித்தடம் தேய்ந்திருக்கும், அல்லது அதன் மூன்று ஒயர் கனெக்டர் கழன்றிருக்கும். நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் ஓம் பார்த்தால், திருப்பத் திருப்பச் சீராக ஏற வேண்டும். நடுவில் துள்ளினால் மாற்றுங்கள். பார்ட் மேல் இருக்கும் அதே எண்ணைக் கேட்டு வாங்கவும். எப்போதும் முழுக் கரண்டிலேயே நிற்கிறது என்றால் ஓட்டாதீர்கள். கரண்டை அளந்து சொல்கிற ஒயர் அறுந்திருக்கலாம்.

ராடு தட்டியதும் டிஸ்ப்ளே அணைந்து, மறுபடி எரிகிறது.

லைன் வோல்டேஜ் சரிதான் என்று உறுதியானபின், முதல் கேள்வியில் சொன்ன ரிலேயைப் பார்க்க வேண்டும். சுவிட்ச் போட்ட ஓரிரு நொடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ரெசிஸ்டர் இன்னும் நடுவழியிலேயே நிற்கிறது. சும்மா இருக்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். ஆர்க் கேட்டதும் வோல்டேஜ் முழுதும் அந்த ரெசிஸ்டரில் விழுந்து, மெஷின் மயங்கி எழும். இப்படியே நாலு முறை தட்டினால் ரெசிஸ்டர் வெடித்துவிடும். சத்தம் கேட்டும் இதே கதை என்றால் ரிலேயின் கான்டாக்ட் கருகியிருக்கும்.

நியூட்ரல் கட் ஆனபோது மெஷின் 'டப்' என்றது. இனி அவ்வளவுதானா?

அவசரப்படாதீர்கள். மூன்று பேஸ் வீட்டில் நியூட்ரல் அறுந்தால் சிங்கிள் பேஸ் பாயின்ட்டில் 400 வோல்ட் வரைகூட ஏறும். இரண்டு பேஸில் ஓடும் பழைய மெஷினின் பாயின்ட்டில் இதைச் சொருகிவிட்டாலும் இதே கதி. வாசலில் இருக்கும் நீல வட்ட வில்லைதான் எம்.ஓ.வி., அதன் மேல் 471 என்று இருக்கும். 47-க்குப் பின் ஒரு பூஜ்யம், 470 வோல்ட்டில் கடத்தத் தொடங்கும் என்று அர்த்தம். அது தன்னைப் பலிகொடுத்து ஃபியூஸைப் போக்கியிருந்தால் அந்த இரண்டை மாற்றினால் மெஷின் பிழைக்கும். பெரிய கெபாசிட்டர்கள் 400 அல்லது 450 வோல்ட் ரகம். தலை உப்பியிருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும்.

நானே திறந்து பார்க்கலாமா?

மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரிந்தால், கீழே உள்ளதைப் பொறுமையாகச் செய்ய முடிந்தால், பார்க்கலாம். பிளக்கை உருவிய பிறகும் அந்தக் கெபாசிட்டர்களில் 325 வோல்ட் நிற்கும். 470 மைக்ரோ ஃபாரட் மூன்று இருந்தால் சுமார் 74 ஜூல். ஆளை அடித்துப்போட அது போதும். துணை சப்ளை கெட்ட மெஷினில் அது வடியவே வழியில்லாமல் வெகுநேரம் காத்திருக்கும்.

பிளக்கை உருவி, சுவிட்சை ஆன் நிலையில் விட்டு, பத்து நிமிடம் டீ குடியுங்கள். கவரைக் கழற்றியதும் கை வைக்காமல், மீட்டரை டி.சி. 600 அல்லது 1000-இல் வைத்து, பெரிய கெபாசிட்டரின் இரு முனைகளில் அளந்து பாருங்கள். 20 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், 100 வாட் குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டி, அதன் இரு ஒயர்களை முனைகளில் வையுங்கள். பளிச்சென்று ஒருமுறை எரிந்து அணையும். மறுபடி அளந்து பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்து வெடி போடுவது வீரம் மாதிரி தெரியும். முனை உருகி முகத்தில் தெறிக்கும், போர்டின் செம்புத் தடமும் கிழியும்.

திறந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

மூக்கால் பாருங்கள். கருகிய பார்ட்டின் வாசனை பெட்டியைத் திறந்ததும் சொல்லிவிடும். அடுத்து கிரைண்டர் தூசு. கட்டிங் வீல் ஓடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மெஷினை வைப்பதால், ஃபேன் இரும்புத் துகளை உறிஞ்சிப் போர்டு முழுக்கக் கறுப்பு வெல்வெட் விரித்து வைத்திருக்கும். அது கரண்ட் கடத்தும். பெயின்ட் பிரஷ்ஷால் தளர்த்தி, ஈரமில்லாத காற்றால் ஊதுங்கள்.

பல்லியைச் சொல்லாமல் விட முடியாது. ஐஜிபிடி ஷார்ட் என்று வந்த ஒரு மெஷினில், கால்களுக்குக் குறுக்கே ஒரு பல்லி, கருகி, அப்பளம் மாதிரி. ஓனர் நம்பவில்லை, இடுக்கியில் எடுத்துக் காட்டினேன். சும்மா வைத்திருக்கும் மாதங்களில் மெஷினைத் துணிப்பையில் கட்டி வையுங்கள்.

ஐஜிபிடி போயிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கெபாசிட்டர் காலி என்று உறுதி செய்தபின் மீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். எழுத்து உங்களைப் பார்க்க, கால் கீழே இருக்க, இடது கால் கேட், நடு கால் கலெக்டர், வலது கால் எமிட்டர். சிவப்பை எமிட்டரிலும் கறுப்பைக் கலெக்டரிலும் வைத்தால் 0.4 பக்கம் வர வேண்டும். மாற்றி வைத்தால் எண் ஏறிக்கொண்டே போகலாம், பீப் வரக் கூடாது. கேட்டுக்கும் எமிட்டருக்கும் நடுவே பூஜ்யம் ஓம் வந்தாலும் போச்சு.

போர்டில் பல ஐஜிபிடிகள் இணையாக நிற்பதால் ஒன்று செத்தால் பக்கத்தில் இருப்பதும் செத்த மாதிரி காட்டும். கழற்றித்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். செத்தது ஒன்றே ஆனாலும் அந்த வரிசை முழுவதையும் ஒரே எண்ணில் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் அதன் கேட் ரெசிஸ்டரையும் கேட்டில் இருக்கும் ஜீனரையும் (வோல்டேஜ் மீறாமல் காக்கும் டயோடு) அளக்காமல் விட்டால், புதிய செட் போட்ட நொடியிலேயே போகும். கை சுட்ட பிறகுதான் எல்லாரும் இதைக் கற்றுக்கொள்கிறோம், நானும்தான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் கிடைக்காத பார்ட் குறைவு. ஆனால் எந்த ஊரில் வாங்கினாலும், பழையதைத் துடைத்துப் புது எண் அச்சடித்த சரக்கு நடுவே வரும். தப்பிப் பிழைத்த பழைய ஐஜிபிடியின் கேட்டுக்கும் எமிட்டருக்கும் கெபாசிட்டன்ஸ் அளந்து, புதியதோடு ஒப்பிடுங்கள். பாதிதான் வருகிறது என்றால் உள்ளே இருக்கும் சில்லு சின்னது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாற்றியாயிற்று. நேராக லைன் கொடுக்கலாமா?

கூடாது. 100 வாட் குண்டு பல்பை பேஸ் ஒயரில் சீரீஸாகப் போடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. சுவிட்ச் போட்டதும் பளிச்சென்று எரிந்து மங்கினால் கெபாசிட்டர் நிரம்பிவிட்டது, ஷார்ட் இல்லை. பிரகாசமாகவே நின்றால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. நல்லவேளை, பல்பு மட்டும்தான் எரிந்தது, புது ஐஜிபிடி அல்ல. பல்பு சீரீஸில் இருக்கும்போது ராடு தட்டிப் பார்க்க வேண்டாம்.

ஜெனரேட்டரில் ஓட்டலாமா? வீட்டு யு.பி.எஸ்ஸில்?

யு.பி.எஸ். கூடவே கூடாது. ஜெனரேட்டர், 12 கேஜ் ராடுக்கே 5 கே.வி.ஏ.யாவது வேண்டும். அதை முதலில் ஓடவிட்டு வோல்டேஜ் நிலைத்தபின் மெஷினைப் போடுங்கள். அணைக்கும்போது மெஷினை முதலில் அணையுங்கள்.

அப்பா காலத்து டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் ஒன்று கிடக்கிறது. அதைச் சரி செய்யலாமா?

தாராளமாக. அதில் போவதற்கு இரண்டே விஷயம்: இணைப்பு, இன்சுலேஷன். உறுமுகிறது, பொறி இல்லை என்றால் செகண்டரி (வெல்டிங் பக்கத்துக் காயில்) பக்கத்து போல்ட்டோ டேப் சுவிட்சோ கருகியிருக்கும். உப்புத்தாள் போட்டு இறுக்கினால் ஓடும். உறுமலே இல்லை என்றால் பிரைமரி (லைன் பக்கத்துக் காயில்) அறுந்திருக்கிறதா என்று ஓம் பாருங்கள். பல வருடம் சும்மா கிடந்ததை நேராக லைனில் போடாமல், 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) காயிலுக்கும் பாடிக்கும், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே என்றால் வைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும். எண்ணெய் மெஷின் என்றால் அளவையும் பாருங்கள். அந்த மெக்கரை இன்வெர்ட்டர் மெஷினில் அப்படியே வைத்துவிடாதீர்கள், போர்டு போய்விடும்.

அது 230-க்குக் கட்டியதா, இரண்டு பேஸ் 415-க்கா என்று டெர்மினல் தகட்டைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். தகடு அழிந்திருந்தால் வைண்டிங் கடைக்காரர் சொல்வார்.

ரிப்பேர் முடிந்தது, சரியாகிவிட்டது என்று எப்போது சொல்வீர்கள்?

12 கேஜ் ராடு இரண்டை, ஒன்றன்பின் ஒன்றாக, 80 ஆம்பியரில் கட்டை வரை எரிப்பேன். உடனே பிளக்கை உருவி, அதன் பிளாஸ்டிக் உடம்பைக் கையில் பிடித்துப் பார்ப்பேன். வெதுவெதுப்புக்கு மேல் இருந்தால் மெஷினைக் கொடுத்தனுப்ப மாட்டேன்.